அடிப்பிடித்த திருவிழாப் பொங்கல்

அக்கா,

அண்டாவில் தண்ணீர் ஊற்றிக் கிணற்றடியில் ஊற வைத்திருக்கிறேன். நேற்றுத் திருவிழா முடிந்தது. குளித்துத் தலை துவட்டிய பிறகும் என் கையில் அந்த வாசனை போகவில்லை. கருகின வெல்லம், நெய், கொஞ்சம் ஏலக்காய். திருவிழாவுக்குத் திருவிழா உன் சேலைத் தலைப்பில் வருகிற அதே வாசனை. இந்த வருஷம் அது என்மேல் வருகிறது.

நீ போன பிறகு வந்த முதல் திருவிழா இது. உனக்கு எழுத வேண்டுமென்று பல நாள் நினைப்பேன், எழுதி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிடுவேன். இன்றைக்கு அப்படி விட முடியவில்லை. படுக்கையில் கிடந்த மாதங்களில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் சொன்ன பதில் உனக்குப் போதவில்லை, எனக்கும் போதவில்லை. நேற்று அதற்குப் பதில் கிடைத்தது. உனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், அதனால் மெதுவாகப் படி. அங்கே உனக்கு வேறு வேலை எதுவும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நீயாகவே எதையாவது இழுத்துப்போட்டுக்கொண்டு செய்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஓரகத்திகள் என்றால் ஒரே உறையில் இரண்டு கத்தி என்று என் அம்மா பயமுறுத்தித்தான் என்னை இந்த வீட்டுக்குச் சின்ன மருமகளாக அனுப்பினாள். வந்த முதல் சனிக்கிழமையே கோயிலிலிருந்து பாட்டுப் பயிற்சிக்குக் கூப்பிட்டு ஆள் வந்தது. அத்தையின் முகம் சுருங்கிவிட்டது.

"பாத்திரமெல்லாம் அப்படியே கெடக்குது. இவ பாட்டு பாடப் போறாளா?"

நீ அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாய். "போவட்டும் அத்தை. பாத்திரம் எங்க போயிடப் போவுது?" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ போயி பாடு ஸ்டெல்லா. பானைய நான் பாத்துக்குறன்" என்றாய். நமக்குள் வேலை பிரிந்தது அப்படித்தான். அதற்குப் பிறகு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம், குழாய்த் தண்ணீருக்கு, கோழிக்கு, பிள்ளைகளுக்கு. நான் பாடப் போவதைப் பற்றி மட்டும் நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் பாடினேன், வாசகம் வாசித்தேன், மாதா வணக்கத்தில் முன்னால் நின்று செபமாலை சொன்னேன். ஊரில் பக்தியுள்ள மருமகள் என்று பெயர் எடுத்தேன். நீ கோயிலைப் பெருக்கினாய். பீடத் துணியைத் துவைத்துக் கஞ்சி போட்டாய். வாடின பூவை எடுத்துக் குடத்துத் தண்ணீரை மாற்றினாய். பூசையில் நீ முழுதாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பாட்டுக்காரர்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால், பக்கவாசலில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நிற்பாய். யாரோ ஒரு பிள்ளை அழும், நீ தூக்கிக்கொண்டு வெளியே போவாய். செஞ்சியிலிருந்து வந்த விருந்தாளிச் சாமியாருக்குக் காபி ஆறிவிடும் என்று நினைவு வரும், மறுபடியும் போவாய்.

இரண்டு சகோதரிகள் வீட்டுக்கு ஆண்டவர் விருந்துக்குப் போன வாசகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒருத்தி அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள், இன்னொருத்தி அடுப்படியில் அல்லாடுகிறாள். உட்கார்ந்தவளே நல்லதைத் தேர்ந்துகொண்டாள் என்று சாமியார் நீளமாகப் பிரசங்கம் வைத்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீடு திரும்பும்போது வரப்பில் எனக்கு முன்னால் நடந்துகொண்டே நீ கேட்டாய்.

"ஏண்டி, உட்காந்திருந்தவளும் அன்னைக்கு சாப்ட்டுதான இருப்பா?"

நான் சிரித்ததில் வரப்பிலிருந்து கால் தவறிச் சேற்றில் இறங்கிவிட்டேன். அந்தக் கேள்வியில் வெறும் கேலி மட்டும் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

திருவிழாப் பொங்கல் என்றால் நீதான். கோயிலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் கல் கூட்டி, அண்டா ஏற்றி, உள்ளே பூசை நடக்கும்போதே கிண்டி முடிக்க வேண்டும். பூசை முடிந்து வெளியே வருகிற சனத்துக்குத் தொன்னையில் சூடாகப் போட வேண்டும் என்பது உன் பிடிவாதம். செஞ்சிக் கோட்டைப் பக்கமிருந்து வெல்ல வாசனைக்கு வருகிற குரங்குகளைக் கோலோடு விரட்டுவது பக்கத்து வீட்டு லட்சுமியின் வேலை. லட்சுமி நம் கோயிலுக்குள் வந்து உட்காருகிறவள் இல்லை. ஆனாலும் ஆடியில் அவர்கள் அம்மனுக்குக் கூழ் காய்ச்சும்போது நீ போய்க் கேழ்வரகு கிளறுவாய், நம் திருவிழாவுக்கு அவள் வந்து நிற்பாள்.

அந்தப் பொங்கல் வருஷா வருஷம் அடிப்பிடித்துவிடும். வல்லத்திலிருந்து வருகிற சம்பந்தி வீட்டாருக்குக்கூட அது தெரியும். என் வீட்டுக்காரர் தொன்னையை வாங்கியதும் முதலில் மோந்து பார்ப்பார்.

"இன்னா அண்ணி, இந்த வருசமும் தப்பல போல இருக்குது."

"வெறகு ஈரம் தம்பி. பொகைஞ்சி பொகைஞ்சி எரிஞ்சா நான் இன்னா பண்ணுவன்?"

வெயில் கொளுத்துகிற மாதத்தில் விறகு எப்படி ஈரமாகும் என்று யாரும் கேட்டதில்லை. வீட்டில் பாலைக்கூட ஒருநாளும் பொங்கி வழியவிடாதவள் நீ. கூட்டத்தைக் கண்டால் பதறிவிடுகிறாய் என்று நானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

போன மழைக்காலத்தில் உன் கால் வீங்க ஆரம்பித்தது. செஞ்சியில் காட்டி, அங்கிருந்து விழுப்புரத்துக்கு அழைத்துப் போனோம். இருதயம் களைத்துப்போயிருக்கிறது, படுக்கையை விட்டு எழுந்து வேலை செய்யக் கூடாது என்றார்கள். உனக்கு அதைவிடப் பெரிய தண்டனையை யாரும் யோசித்திருக்க முடியாது. நான் தையல் மிஷினை உன் அறைக்கே நகர்த்திக்கொண்டு வந்தேன். இனிமேலாவது இவள் அமைதியாகச் செபிக்கட்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு. செபமாலையைக் கையில் கொடுத்தால் இரண்டாவது மணியில் தூங்கிப்போவாய். நான் பிரார்த்தனை வாசித்தால் நடுவில் கண்ணைத் திறந்து, "வாசல்ல மல்லாட்டை காயுதே, வாரிட்டாங்களா?" என்பாய். காய வைத்த வேர்க்கடலை மழைத் தூறலில் நனைந்துவிடப் போகிறதே என்ற கவலை உனக்கு. எனக்கு எரிச்சலாக வரும். புத்தகத்தை மூடிவிட்டுப் போய் மல்லாட்டையை வாரி வைத்துவிட்டு வந்து மறுபடியும் முதலிலிருந்து வாசிப்பேன்.

பங்குச் சாமியார் நற்கருணை அப்பத்தை எடுத்துக்கொண்டு உனக்கு நன்மை கொடுக்க வந்த அன்று நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அவர் மெழுகுவத்தி ஏற்றிச் செபத்தைத் தொடங்கிவிட்டார். நீ போர்வையை விலக்கிக் காலைக் கீழே வைக்கப் பார்த்தாய். "இருங்க சாமி, ஒரு வாய் காபி போட்டுட்டு வந்துடுறன்" என்றாய். நாங்கள் இரண்டு பேரும் பிடித்துப் படுக்க வைத்தோம். அவர் போன பிறகு எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நீ சிரிக்கவில்லை.

"ஸ்டெல்லா, எனக்கு ஒரே பயமா இருக்குது" என்றாய். "ஒரு பூசைய முழுசா பாத்ததில்ல. செபமால சொன்னா தூக்கம் வருது. கையில வேலை இருந்த வரைக்கும் ஒண்ணும் தெரியல. இப்ப வேலையும் போச்சி, செபமும் வரல. வெறுங்கையோட அவரு எதிர்ல போயி நின்னு, நான் இன்னான்னு சொல்லுவன்?"

உன் கண்ணில் தண்ணீர் நின்றது. மாமனார் செத்தபோதுகூட ஆள்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்த உன்னை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"எத்தினி பேருக்கு சோறு போட்டிருக்க. அது போதாதாக்கா?"

"அது வேலைடி. செபம் இல்ல."

"எல்லாம் அவருக்குத் தெரியும்க்கா."

"நீ என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்ற" என்று சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நீ அதைக் கேட்கவில்லை. ஆனால் நான் செபம் சொல்லும்போது, தப்புச் செய்த பிள்ளைபோல என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாய். தவக்காலம் தொடங்கும் முன்னால் ஒரு மத்தியானம், கஞ்சியைச் சூடு பண்ணிக்கொண்டு நான் திரும்பி வருவதற்குள் போய்விட்டாய். சொல்லாமல் கொள்ளாமல் பக்கவாசல் வழியாகப் போகிற உன் பழைய வழக்கம். கேள்வியை மட்டும் என்னிடம் விட்டுவிட்டாய்.

நேற்றுக் காலையில் பொங்கலுக்கு யார் என்று பேச்சு வந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாடுவதற்கு இளசுகள் இருக்கிறார்கள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அண்டாவுக்கு எதிரில் நின்றேன். இந்த வருஷம் விறகு இல்லை அக்கா. கோயிலுக்குப் பெரிய கேஸ் அடுப்பு வாங்கிவிட்டார்கள். அரிசியும் பருப்பும் குழைந்து வந்தன. விருந்தாளிச் சாமியார் வழக்கம்போலத் தாமதமாக வந்ததால் பூசையும் தாமதமாகத்தான் தொடங்கியது. வெல்லப் பாகை ஊற்றித் துடுப்பால் கிண்டத் தொடங்கினேன். ஒலிபெருக்கியில் பூசை கேட்டது. பிள்ளைகள் சுருதி இறங்கும்போதெல்லாம் எனக்குக் கை நின்றது, அண்டா விடவில்லை. தோள் கழன்றுவிடும்போல வலித்தது. இதையா இத்தனை வருஷம் செய்தாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது, சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது ஆண்டவர் வந்துவிட்டார் என்று அடிக்கிற எழுந்தேற்ற மணி அடித்தது.

முந்திரி உடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். தொன்னை கழுவியவள் குழாயை மூடினாள். லட்சுமி கோலைக் கீழே போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலின் பின்சுவரைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள். நான் மட்டும் கிண்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, துடுப்ப வையி" என்றாள் லட்சுமி மெல்ல.

"அடிப்பிடிச்சிடும்டி."

"புடிக்கட்டும். மணி அடிச்சா கை நிக்கணும். பெரியக்கா சொல்லி வெச்சது."

வைத்துவிட்டேன். அடுப்பை அணைக்க வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. இரண்டாவது மணியும் அடித்து ஓய்ந்த பிறகு லட்சுமியைப் பிடித்துக்கொண்டேன்.

"இது எப்ப இருந்து?"

"உனக்குத் தெரியாதா? எல்லா வருசமும் இதான். வெல்லம் போட்டு கிண்டறப்பதான் மணி அடிக்கும். பெரியக்கா துடுப்ப உட்டுட்டு செவுத்தப் பாத்து நிக்கும். எங்களையும் நிக்க வெக்கும். கோயில்ல அடிக்கற மத்தியான மணிக்குக்கூட, களையெடுக்கறப்ப நிமுந்து நிக்கும். நான் முன்ன அத இடுப்பு வலின்னு நெனச்சிருந்தன்."

"இன்னா செபம் சொல்லும்?"

லட்சுமி யோசித்தாள். "செபமா இன்னான்னு தெரியலக்கா. ஊட்டுக்கு ஆளு வந்தா கூப்புடுவமே, அப்பிடித்தான் சொல்லும். 'வாங்க சாமி, வந்துட்டீங்களா? கை வேலையா இருக்குறன், கோச்சிக்காதீங்க'ன்னும். அவ்ளோதான். அப்புறம் துடுப்ப எடுத்துக்கும்."

அக்கா, அந்த மணி அடிக்கிற நேரத்தில் நாங்கள் உள்ளே என்ன செய்துகொண்டிருப்போம் தெரியுமா? அடுத்த பாட்டு எந்தப் பக்கத்தில் என்று தேடிக்கொண்டிருப்போம்.

துடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன். புகையில்லாத அடுப்பு, அதனால் கண்ணெரிச்சல் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. இது உனக்கே தெரிந்திருந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று யோசித்தேன். நீ அதைச் செபம் என்றே நினைத்திருக்க மாட்டாய். வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று கேட்பதை யாராவது கணக்கில் எழுதுவார்களா?

நீ கேட்டதற்கு இதுதான் பதில். போய் என்ன சொல்வேன் என்று பயந்தாயே, நீ ஒன்றும் சொல்ல வேண்டியிருந்திருக்காது. இத்தனை வருஷமாக அடுப்படியிலும் கழனியிலும் கைவேலையோடு நின்று அவரை வாங்க என்றவள் நீ. அன்றைக்கு மத்தியானம் உன்னை வாசலில் கண்டதும் அவர்தான் முந்திக்கொண்டு வா என்று சொல்லியிருப்பார். கோபித்துக்கொள்ளவும் இல்லை என்று சொல்லியிருப்பார். இதை நீ உயிரோடு இருக்கும்போதே என் வாயால் கேட்டிருந்தால் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்க மாட்டாய். அதுதான் எனக்கு ஆறவில்லை.

நான் பாடுவதை விடப்போவதில்லை. விட்டால் நீயே சம்மதிக்க மாட்டாய். ஆனால் திருவிழாவன்று இனிமேல் துடுப்பு என் கையில்தான். மணி அடித்தால் வைத்துவிடுவேன். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் இப்போது தெரிந்துகொண்டேன்.

பூசை முடிந்து சனம் வெளியே வந்தது. பொங்கல் நன்றாகவே அடிப்பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் தொன்னையை வாங்கி, பழக்கத்தில் மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாடி, அண்ணி செஞ்ச மாதிரியே இருக்குது?"

"வெறகு ஈரம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற சிலிண்டரைப் பார்த்தார். அந்தத் தொன்னையை அங்கேயே நின்று தின்று முடித்துவிட்டு மறுபடியும் நீட்டினார்.

"அடியிலேர்ந்து இன்னும் கொஞ்சம் வெய்யி" என்றார்.

உன்
ஸ்டெல்லா