அரங்கநாதன் அண்ணன் வயலுக்குப் போன வெட்டுச் சீட்டு

கச்சிராயபாளையம்,
தை 19.

அன்பு மகள் அருள்மொழிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் தம்பி, தங்கை, கறவை மாடு எல்லோரும் சௌக்கியம். குவஹாத்திக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். ரயில்வே வேலை கிடைத்துவிட்டது என்று ராத்திரி சாப்பாட்டைப் பிஸ்கட்டில் முடித்துவிடாதே. போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் உன் அம்மா பாதியில் பிடுங்கி மீதியை அவளே சொல்லிவிடுவாள், அதில் நான்தான் குற்றவாளியாக இருப்பேன். அதனால் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு பகல் பூரா என்னதான் பண்ணுகிறீர்கள் என்று போன மாதம் கேட்டாய். கேட்ட தோரணை எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காலையில் பால் கறக்கும்போது வாய்ப்பாடு. தப்பாகச் சொன்னால் மாடு உதைக்கும் என்று உன் தங்கை தேவதர்ஷினியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், மாடு என்னைத்தான் உதைக்கிறது. கூழ் குடித்த பிறகு பழைய பேப்பரில் தமிழ். பத்து மணிக்கு மோட்டார் போட்டுவிட்டு வரப்பை அடி போட்டு அளந்து கணக்கு. மத்தியானம் மௌன வாசிப்பு, அட்டவணையில் அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒருநாள் அம்மா எட்டிப் பார்த்து, மௌனமா படிக்கிறது சரி, கொறட்டை இன்னாத்துக்கு என்று கேட்டாள். ஆறு வயசு தேவதர்ஷினி உடனே, அது அப்பாவோட பாடம்மா என்றாள்.

உன் தம்பி இளமாறன் விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். வீட்டுக்குள் ஓயாமல் பேசுகிறவன், வாசலைத் தாண்டினால் ஊமை. அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவில்லை என்று பெஞ்சு மேல் நிறுத்தினார்கள், கடைசியில் வேன் சத்தம் கேட்டாலே வாந்தி எடுத்தான். அதனால்தான் போன ஜூனில் இரண்டு பேரையும் நிறுத்தி நானே வாத்தியார் ஆனேன். அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். தை முடிவதற்குள் வெளி ஆள் ஒருவரிடம் அவன் வாய் திறந்து பேச வேண்டும், இல்லாவிட்டால் ஜூனில் பள்ளிக்கூடம், என் உத்தியோகம் காலி. நானும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன். உள்ளுக்குள் பயம்தான் மகளே. ஒன்பது வயசாகிறது, இப்படியே இருந்துவிடுவானோ என்று எத்தனையோ நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை உங்கள் யாரிடமும் நான் காட்டிக்கொண்டதில்லை.

தை பிறந்து பாதி போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. இந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது, வந்திருக்க வேண்டாம். சர்க்கரை ஆலையில் இருந்து போன வருஷம் நமக்கு வந்த, இன்ன தேதியில் கரும்பை வெட்டலாம் என்கிற வெட்டுச் சீட்டை எடுத்து, எழுதியிருந்ததை வெள்ளை மையால் மறைத்து, பஜாரில் பத்து ஜெராக்ஸ் எடுத்து வந்தேன். பெயர், சர்வே எண், ஏக்கர், தேதி என்று ஒரே தாளில் தமிழும் கணக்கும் வந்துவிடுகிறது பார். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. இளமாறன் ஆலை குமாஸ்தா, தேவதர்ஷினி மேனேஜர். முத்து முத்தாகப் பேனாவில் எழுதினான், நான் தட்டிக்கொடுத்துவிட்டு மௌன வாசிப்புக்குப் போய்விட்டேன். விவசாயி இல்லாவிட்டால் ஆலை ஃபீல்டுமேன் சீட்டை மோட்டார் கொட்டகைக் கதவில் செருகிவிட்டுப் போவாரே, அதையும் பார்த்து வைத்திருந்திருக்கிறாள் மேனேஜர். நான் தூங்கி எழுவதற்குள் பக்கத்து வயல் அரங்கநாதன் அண்ணன் பேரில் ஒரு சீட்டு எழுதி, அவர் கொட்டகையில் பட்டுவாடா முடிந்துவிட்டது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை அரங்கநாதன் அண்ணன் பைக்கில் வந்து நின்றார். இன்னா வீரமணி, உனக்கு முன்னாடி எனக்கு ஆர்டர் வந்துட்ச்சி பாத்தியா, மலையில இருந்து ஆளுங்கள வரவச்சி வயல்ல எறக்கிட்டேன் என்று சீட்டை என் மூக்குக்கு நேரே ஆட்டினார். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பொறாமைதான் வந்தது. அவருக்கு முன்னால் கரும்பு நட்டவன் நான். அப்புறம்தான் பார்த்தேன், மேனேஜர் கையெழுத்து இடத்தில் தேவதர்ஷினி வரைந்த ஒரு செம்பருத்திப் பூ. கண்ணாடி போடாத மனுஷனுக்கு அது கையெழுத்தாகத்தான் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் பைக் போய்விட்டது. உனக்குத் தெரியாததா, உத்தரவு இல்லாமல் வெட்டிய கரும்பை ஆலை எடுக்காது, கிடந்து காய்ந்து எடை போய்விடும். இரண்டு ஏக்கர், அந்த மனுஷனின் ஒரு வருஷத்துப் பாடு. உன் அப்பா என்ன செய்தான் தெரியுமா, என்ன பொய் சொல்லித் தப்பிக்கலாம் என்று வாசலில் நின்று யோசித்தான். என் பின்னால் நின்றுகொண்டிருந்த இளமாறனைக் காணோம்.

நான் மூச்சு வாங்க ஓடிப்போய்ப் பார்த்தால், பன்னிரண்டு பேர் அரிவாளோடு நிற்கிறார்கள், அத்தனை பேருக்கும் குறுக்கே கரும்பு முன்னால் கையை விரித்துக்கொண்டு உன் தம்பி. பெரிப்பா வெட்டாதீங்க, அது ஆலை சீட்டு இல்ல, நான் எழுதுனது, நான்தான் எழுதுனேன் என்று கத்துகிறான். முகமெல்லாம் கண்ணீர், ஆனாலும் நிறுத்தவில்லை. ஒரு சால், ஒரே ஒரு வரிசைதான் வெட்டியிருந்தார்கள். அரங்கநாதன் அண்ணன் சீட்டைப் பார்க்கவே இல்லை, அவனைப் பார்த்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். டேய், புள்ள பேசறாண்டா வீரமணி என்றார். அதற்குப் பிறகு எனக்குக் கொடுத்த அர்ச்சனையை எழுத முடியாது, பக்கத்தில் தேவதர்ஷினி எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

வெட்டிய ஒரு சால் கரும்பை அடுத்த நடவுக்கு விதைக்கரணையாக நானே எடுத்துக்கொண்டேன். தோகை மாட்டுக்கு. வந்தவர்களுக்கு அம்மா உப்புமா கிண்டிப் போட்டாள், என் முகத்தைப் பார்க்காமல் எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். ஆட்களுக்குத் தலைவி பூமாலை என்று ஒரு அம்மாள், வெள்ளிமலைப் பக்கம். உம் பேரு இன்னா சாமி என்று கேட்டதற்கு இவன் பேர், வயசு, கேட்காமலே பன்னிரண்டாம் வாய்ப்பாடு எல்லாம் சொன்னான். தன் மகள் மலையில் நாலாவது படிக்கிறாள், அவள் வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள் என்று அந்த அம்மாள் சொன்னாள். ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு இவன் கேட்டான், அப்பா, நான் எழுதுன ஒரு சீட்டுக்குப் பன்னெண்டு பேரு வந்தாங்க இல்ல, ஸ்கூலுக்குப் போனா நான் எழுதறத இருவத்தி மூணு பேரும் படிப்பாங்களா. படிப்பார்கள் என்றேன். அப்போ ஜூன்ல என்ன நம்மூரு கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்துடுப்பா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டான். நிபந்தனையில் ஜெயித்தது நான், வேலை போனதும் எனக்குத்தான். சந்தோஷமும் துக்கமும் சேர்ந்து வந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். அம்மா பொடி அரைத்து அனுப்புகிறாள், அறையில் இருக்கிற பெண்களுக்கும் கொடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பதில் கடுதாசியை என் பெயருக்குப் போடாதே, உறை மேல் வீ. இளமாறன் என்று எழுது. தபால்காரர் வாசலில் நின்று யாருப்பா இது என்று கேட்க வேண்டுமாம், நாங்கள் யாரும் வெளியே வரக் கூடாதாம், அவனே போய் நான்தான் என்று சொல்லி வாங்கிக்கொள்வானாம். சீக்கிரம் எழுது.

ஆசீர்வாதங்களுடன்,
ஜூன் வரைக்கும் வாத்தியார்,
உன் அப்பா,
வீரமணி