அளவுக்குப் போன கார்டு

20.2.2006
கணவர் மவுத்தாகி, இத்தாவில் நாற்பதாவது நாள். நாலு மாசம் பத்து நாள் இருக்க வேண்டும். வாசல் தாண்டக் கூடாது, வேற்று ஆண் கண்ணில் படக் கூடாது. சரி, இருக்கிறேன். ஆனால் அவர் அண்ணன் அப்துல் கனி மச்சான் திரைக்கு அந்தப் பக்கம் நின்று பேசியது பொறுக்கவில்லை.

"இத்தா முடியட்டும் மெஹர். அந்த ஓட்டக் கம்ப்யூட்டரத் தூக்கிட்டா முன்ரூம்பு ஒழியும். எறா ஏவாரி வாடகைக்குக் கேட்டுக்கினு இருக்கான்."

என் ரிஜ்வான் போன் பூத் வைத்திருந்த ரூம் அது. "நெட்டு வந்துட்டா ப்ரௌசிங் சென்டரா நானே நடத்துவேன்" என்றேன்.

"நீயா? எட்டாங் கிளாஸு!"

ஆமாம். நான்தான்.

27.2
மவுத்துக்கு முன்னால் அவர் எழுதிக் கொடுத்த நெட் லைன் இன்று வந்தது. டெலிபோன்காரர் தணிகாசலம் மோடத்தைத் திரைக்கு அடியில் தள்ளினார். எங்கள் கம்ப்யூட்டரில் நெட்வொர்க் கார்டு இல்லையாம். "பழைய மெஷினுமா. தனியா வாங்கி வெள்ள ஸ்லாட்டுல சொருவணும்."

2.3
மூடியைக் கழற்றினேன். வெள்ளை ஸ்லாட் மூன்று. ஒன்றில், போன் வயர் மாட்டி அவர் நெட் பார்த்த பழைய கார்டு. கடைக்கு எதைச் சொல்லி அனுப்புவது? தையல்காரருக்கு என்றைக்கு நான் நேரில் போனேன்? அளவு ஜாக்கெட்தானே போகும்?

அவர் கையால் செருகியது. இழுக்க மனசு வரவில்லை. இழுத்தேன்.

பக்கத்து வீட்டு கிரேஸ் கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போகிறவள். அங்கே கடையில் காட்டச் சொல்லி அவளிடம் கொடுத்தேன். "இதே அளவு."

4.3
அச்சாக அதே கார்டு வந்திருக்கிறது! போன் வயருக்கான சின்ன வாய். நெட் வயர் முனை பெரிசு, நுழையவில்லை.

"ஜாக்கெட்டு குடுத்தா ஜாக்கெட்டுதானக்கா தச்சுத் தருவான்?" என்று கிரேஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போனதும் — ஏங்க, இப்பப் போயி இல்லாமப் பூட்டீங்களே. திட்டியாச்சும் சொல்லிக் குடுத்திருப்பீங்களே. யார்கிட்டப் போயி கேப்பேன்?

5.3
உடம்புக்கு ஒரு அளவு, கைக்கு ஒரு அளவு. அதுதான் விட்டுப்போனது. அடிப்பக்கத்துக்குப் பழைய கார்டு, வாய்க்கு நெட் வயர். எங்கள் மெஷினில் சிடி ஓடாது, கார்டுக்கான சாஃப்ட்வேர் ஃப்ளாப்பியில் வேண்டும் என்று துண்டுச் சீட்டும் எழுதிக் கிரேஸிடம் கொடுத்தேன்.

9.3
தப்பு கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடையிலிருந்தே கிரேஸ் போன் செய்தாள். "வயரே வோணாம்ன்றது ஒண்ணு கீது, ஆயிரத்தி ஐந்நூறு. புதுசு முந்நூத்தம்பது. பழைய மெஷின்ல கழட்டின கார்டு நூத்தம்பது, ஃப்ளாப்பியோட. கழட்டினது அக்கா, யோசிச்சுக்கோ."

"என் கம்ப்யூட்டர் மட்டும் புதுசா? கழட்டினதே வாங்கு. ஆனா அங்கயே ஒரு மெஷின்ல போட்டு வெளக்கு எரியுதான்னு காட்டச் சொல்லு."

எரிந்ததாம்.

11.3
தணிகாசலம் திரைக்கு வெளியே. நான் உள்ளே, ஸ்க்ரூ டிரைவரோடு.

"மொதல்ல பிளக்கப் புடுங்கிட்டீங்களா? இரும்பத் தொட்டுட்டு அப்புறம் கார்டத் தொடுங்க. நேரா வெச்சு அமுக்குங்க."

"ஒடஞ்சிடப் போவுதுங்க."

"ஒடையாதும்மா. பயப்படாதீங்க."

"பயமா? எனக்கா?" அமுக்கினேன். டக். பிளக்கைச் செருகி, அவர் சொல்லச் சொல்ல ஃப்ளாப்பியையும் போட்டேன்.

பச்சை விளக்கு.

12.3
மச்சானிடம் சொல்லவில்லை. இத்தா முடியட்டும் என்றாரே, முடியட்டும்.

24.5
இத்தா முடிந்து நான்கு நாள். முன்ரூமில் போர்டு மாட்டியாயிற்று. இன்று மச்சான் வந்தார். மகள் ஜபீனுக்குக் காலேஜ் ரிசல்ட். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"நம்பரச் சொல்லுங்க மச்சான்."

சொன்னார். பாஸ். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மடித்து, பிரித்து, திரும்பப் பார்த்தார். "எறா ஏவாரிக்கு வேற எடம் சொல்லிட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் கிரேஸ், "அந்த அளவு கார்டக் குடுக்கா, கடையில எதாச்சும் தருவான்" என்றாள்.

நான் கொடுக்கவில்லை. அவர் சட்டைக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். அளவுக்கு இருக்கட்டும்.