நிரோஜா வகுப்பில் சொன்னது

தினுஷனுக்கு,

வைரவநாதன் முதலாளி காரியம் இருந்தால் மஸ்கட் இனிப்புப் பெட்டியோடுதான் படியேறுவார். இன்று நாலு மணிக்கு வருகிறார். தேநீர் கொடு, நீரிழிவுக்காரர், சீனி வேண்டாம். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு.

அவர் மகள் நிரோஜா, ஓய்வுக்குப் பின் நான் நடத்தும் உளவியல் வகுப்பில் என்ன சொன்னாள் என்று அறியவே வருகிறார். "அம்மா சொல்லிருவாங்க முதலாளி, நான் பாத்துக்கிறேன்" என்று நேற்று நீ தொலைபேசியில் வாக்களித்தது என் காதில் விழுந்தது. நம் கடைக் கட்டடம் அவருடையது என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும், ஒருவர் மனம்விட்டுப் பேசியதை வெளியே கொண்டுசெல்லலாகாது என்பதே அவ்வகுப்பின் முதல் விதி. உயிருக்கு ஆபத்தெனில் மட்டுமே அது தளரும். அப்படி எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு விதித்ததை நானே மீறினால், பிறகு எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

"ரிட்டயர் ஆகியும் டீச்சருக்குத் திமிர் போகல" என்பார். சிரித்துக்கொள். என் வாயாலேயே கேட்க விரும்பினால், வகுப்பு முடிந்து நான் வரும்வரை காத்திருக்கட்டும்.

அம்மா

பி.கு.: ரொட்டியும் கட்டைச் சம்பலும் மூடிவைத்திருக்கிறேன். என்மீதுள்ள கோபத்தில் பட்டினி கிடக்காதே.

இன்னொன்று: கடையைக் காலிசெய்யச் சொன்னால் சாமான் கட்ட நானும் வருவேன். பதுளையில் வேறு கடை தேடுவோம். நிரோஜா சொன்னதை நான் சொல்லமாட்டேன்.