தானாக எரியாத பச்சை விளக்கு

அக்டோபர் 6, திங்கள்

காலை எட்டரைக்கு சுங்கை சிப்புட் கையுறைத் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு. வாசலில் வருகை பதியும் விரல்ரேகைக் கருவி மறுபடியும் செத்துக் கிடக்கிறதாம். எங்கள் ஈப்போ கணினிக் கடையில் உட்கார்ந்தபடியே அங்குள்ள கணினிக்குள் நுழைந்தேன். கருவியைக் கணினியோடு பேச வைக்கும் யுஎஸ்பி டிரைவர் ஏறவில்லை. ஒரு வரி தட்டிக் கையால் ஏற்றினேன். பச்சை விளக்கு எரிந்தது. இது நான்காவது தடவை.

அக்டோபர் 8

மறுபடி. நேற்று மாலை இடி. வாசல் காவலுக்கு இருக்கும் ஜாகா நவமணி அக்கா கணினியின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். போனில் கத்திவிட்டேன்.

"இடி இடிச்சா புடுங்கணும்லா தம்பி. எங்க தோட்டத்து லயத்துல டிவி வெடிச்சத நீ பாத்தியா?"

என் முதலாளி தர்மேந்திரன் அண்ணே சிரித்தார். "தோட்டத்து ஆளுங்க அப்படித்தான். யூசர் தப்புன்னு எழுதி வை."

எழுதி வைத்தேன்.

அக்டோபர் 10

இடி இல்லை. கருவி ஓடுகிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

நேரில் போனேன். வாசலிலேயே ஒரு பெண் மறித்தார். தினேஸ்வரி, பேக்கிங் பிரிவு.

"நீங்கதான் மெஷின்காரரா?"

கையில் கடிதம். மூன்று நாள் வேலைக்கு வரவில்லையாம். வெள்ளிக்கிழமை விசாரணை, தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால். வேலை போய்விடும்.

"ஆறரை பஸ்ல வந்து எறங்குறேன். விரல வெக்கிறேன், மெஷின் 'பீப்'னு கத்த மாட்டேங்குது. எட்டரைக்கு மேல மத்தவங்க திரும்ப வந்து வெச்சாங்க. அந்த மூணு நாளும் என்ன வேலைய விட்டு வர சூப்பர்வைசர் விடல. சாயங்காலம் வெச்சது கணக்கில்லயாம். உள்ள வராதவ எப்படி வெளிய போவான்னு மேனேஜர் கேக்குறாரு."

நவமணி அக்கா மூன்று நாளும் அவரைக் கண்ணால் பார்த்திருக்கிறார். ஜாகா பேச்சு செல்லாது. மெஷின் சொல்ல வேண்டுமாம்.

கணினியை அணைத்துப் போட்டேன். டிரைவர் ஏறவில்லை. பதிவுகளில் தேடினேன் – ஒரு பிழை வரிகூட இல்லை. எப்படி? பிறகுதான் பார்த்தேன். தொடக்கத்தில் ஏற்ற வேண்டிய டிரைவர்களின் பட்டியலில் இதன் பெயரே இல்லை. இந்த மலிவுக் கருவியைக் கணினி தானாக அடையாளம் காணாது. பெயரை எழுதியாக வேண்டும். கூப்பிடாத ஒன்று வரவில்லை என்று எந்தக் கணினியும் புகார் எழுதாது.

பழைய கட்டளைகளைப் புரட்டினேன். ஜூலை 22. கருவியைப் பொருத்திய அன்று கையால் ஏற்றியவன் நான்தான். பச்சை விளக்கைப் பார்த்ததும் கிளம்பிவிட்டேன். ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கவில்லை. அப்படி என்ன அவசரம்? பசி. அவ்வளவுதான். மழைக்காலம் வரும்வரை யாரும் அதை அணைக்கவும் இல்லை.

பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். மூன்று தடவை அணைத்துப் போட்டேன். மூன்று தடவையும் தானாக எரிந்தது.

அக்டோபர் 15

"சரி பண்ணிட்டல்லா? வாய மூடிக்க. கான்ட்ராக்ட் போச்சுன்னா உன் வேலையும் போச்சு." தர்மேந்திரன் அண்ணே கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். ராத்திரி என்னையே கேட்டுக்கொண்டேன்:

தோட்டத்த வித்துட்டு நம்ம ஆளுங்கள ரோட்டுல விட்டவனுங்கள திட்டித் திட்டியே வளந்தவன் நான். இப்ப ஒருத்தி வேலைய நானே தின்னுட்டு, பழிய ஜாகா தலையில போட்டு – எனக்கும் அவனுங்களுக்கும் என்னடா வித்தியாசம்?

அக்டோபர் 16

அறிக்கை எழுதினேன், தேதியோடு, என் பெயரோடு. மேனேஜருக்கு அனுப்பினேன். தினேஸ்வரிக்கு ஒரு பிரதி.

அக்டோபர் 24

என் வேலை போய் ஒரு வாரம். நேற்று மாலை வானம் பிளக்கிற மாதிரி இடி.

இன்று காலை ஆறு நாற்பதுக்கு நவமணி அக்காவின் குரல் செய்தி: "தம்பி, நேத்தும் புடுங்கித்தான் போட்டேன். காலையில சொருகினதும் தானா எரியுது. இந்தா, தினேஸ்வரி வேலைக்கு வந்துட்டா. கேளு."

பஸ் இரைச்சலுக்கு நடுவே கருவி கத்தியது, ஒருமுறை.