சொந்தக் கடையில் மோதிய பேட்டரி ஆட்டோ

செவ்வாய், இரவு.

இன்று என் தண்ணீர் கேன் கடை ஷட்டரை நானே இடித்தேன். புது பேட்டரி ஆட்டோவில் சத்தமே இல்லை. ஆஃபில் இருக்கிறதென்று நினைத்து ஆக்ஸிலேட்டரைத் திருகிவிட்டேன். கோவளமே சிரித்தது.

சிரிக்கட்டும். வளைகுடாப் போரால் டீசல் தட்டுப்பாடு. பக்கத்துக் கடை குட்டியானை வண்டி பங்க் வரிசையில் நின்றபோது, நான் கேளம்பாக்கம் ஃப்ளாட்டுகளுக்கெல்லாம் கேன் போட்டுவிட்டேன்.

சாயந்திரம் வளைகுடாவிலிருந்து பையன் டேவிட் பேசினான். அங்கே பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். போனில் சைரன் கேட்டது.

"இன்னா நைனா, சொந்தக் கடையவே இட்ச்சிட்டியாமே! நான் வந்துதான் ஓட்டணும் போலகீதே?"

"போடா, உன்னவிட நல்லா ஓட்டுவேன்" என்றேன்.

'ஆமாண்டா, வந்துடு' என்பது வாய்வரை வந்தது. சொல்லவில்லை.