பதினேழு டிகிரியில் ஒட்டிய சீட்டு

மார்ச் 4, செவ்வாய்
நாமக்கல் கார்த்திக்கான கேம் கம்ப்யூட்டர் முடிந்தது. செருப்பு டப்பா அளவுதான். விடியற்காலை ஐந்துக்கு ஒரு மணி நேரம் பிராசஸரை முழு வேகத்தில் ஓடவிட்டேன். எங்கள் மலையூர் சோளக்காட்டில் கரண்ட் ஏறி இறங்காமல் இருப்பது அப்போதுதான். எழுபத்தெட்டு டிகிரியைத் தாண்டவில்லை. அதைச் சீட்டில் எழுதி, ‘சுகுணா’ என்று கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் ஒட்டினேன். என் பெயரில் வெளியே போகும் முதல் பெட்டி.

மார்ச் 9, ஞாயிறு
கார்த்தி போன் செய்தார். இருபது நிமிஷத்தில் தொண்ணூற்றைந்தாம், பிறகு ஆட்டம் திணறுகிறதாம். வரும் ஞாயிறு அவருக்குத் தகுதிப் போட்டி. ஒரு வருஷமாகக் காத்திருந்தது. சுவரோடு ஒட்டி வைத்திருப்பீர்கள் என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே.

மார்ச் 10
சோறு இறங்கவில்லை. பிராசஸர் சூட்டைக் கடத்தும் பேஸ்டை ஒழுங்காகத்தானே தடவினேன்? நான் பொய் எழுதவில்லையே!

மார்ச் 11
என்னிடம் உள்ள அதே மாதிரி பெட்டியை விடியலில் ஓட்டினேன். எழுபத்தேழு. பார்த்தாயா, என் மேல் தப்பில்லை – என்று நினைக்கும்போதே அம்மா டீயோடு வந்தாள்.

“ஏங்கண்ணு, நீ சொட்டரு மாட்டிக்கிட்டு அதுக்குக் காச்சலு பாக்கறயாக்கும்?”

டீ ஆறிப்போனது. அறையில் பதினேழு டிகிரி. நாமக்கல்லில் அவர் ஆடுவது தகரக் கூரை போட்ட மாடியில், மத்தியானத்தில். அங்கே முப்பத்தேழு டிகிரியாவது இருக்கும். அந்த இருபதும் அப்படியே பிராசஸர் தலையில். மடச்சி, மடச்சி. இதுகூடவா தெரியாமப் போச்சு எனக்கு?

மார்ச் 12
போனில் சொல்லிவிட்டேன். “தப்பு உங்க மேல இல்லீங்க. என் மேலதானுங்க.”
“ஞாயித்துக்கெழம ஆடலாமுங்களா?”
நாளை மத்தியானம் பெட்டியோடு காளப்பநாயக்கன்பட்டிக்கு வரச் சொன்னேன்.

மார்ச் 13, வியாழன்
பஸ்ஸில் எழுபது வளைவும் மலையிறங்கினேன். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில், பெரியம்மா மகள் சங்கீதா அக்காவின் தகரக் கூரை அறை. மதியம் இரண்டு மணி, முப்பத்தெட்டு டிகிரி. கார்த்தி பைக்கில் பெட்டியோடு வந்தார். மூடியிருந்த பக்கத்துக்கு வலைத்தகடு போட்டேன். வெளிக்காற்றை நேராக இழுக்கும்படி ஃபேனைத் திருப்பினேன். பிராசஸருக்குப் போகும் மின்சாரத்தையும் சற்றுக் குறைத்தேன். இரண்டு மணி நேரம் இருவரும் வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தோம். எண்பத்தாறு. அதற்கு மேல் ஏறவில்லை. பழைய சீட்டை நானே கிழித்தேன்.

மார்ச் 16, ஞாயிறு
காலையிலிருந்து வாசலுக்கும் போனுக்கும் நடக்கிறேன். ஐந்து மணிக்குக் குரல் செய்தி வந்தது.
“தோத்துட்டனுங்க. பொட்டி ஒரு தடவகூடத் திணறலீங்க. இந்தத் தப்பு என்னுதுதானுங்க.”
மூன்று முறை கேட்டேன். அழுதுவிட்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்
இரண்டாவது பெட்டி. அக்காவின் தகர அறையில் ஓட்டிப் பார்க்க, மடியில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணி பஸ்ஸில் மலையிறங்கினேன். ஸ்வெட்டர் எடுத்துப் போகவில்லை.