ஓடுகிறவனிடம் என்ன சொல்வது

1997 ஜூலை 28
காலேஜில் எகனாமிக்ஸ் கேட்டேன், ஃபிலாசஃபி கொடுத்தார்கள். என் மார்க்குக்கு அதுதான். அப்பா ஆபீசில் யாரோ, பெண் சன்னியாசம் வாங்கப்போகிறாளா என்று கேட்டார்களாம். அப்பா அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆத்மா, பரமாத்மா என்று ஆரம்பிப்பார்கள் என நினைத்தேன். கன்னா மேடம் நாற்காலியில்கூட உட்காராமல் ஒரு கேள்வி கேட்டார். ஒருத்தன் மூட்டையோடு ஸ்டேஷனை நோக்கி ஓடுகிறான். ‘ரயில் போய்விட்டதா?’ என்று உங்களைக் கேட்கிறான். போய்விட்டது, உங்களுக்குத் தெரியும். உண்மையைச் சொல்வீர்களா, ‘ஓடு, பிடித்துவிடலாம்’ என்பீர்களா?

பெல் அடிக்கும்வரை கத்தினோம். எனக்குப் பிடித்திருந்தது, ஆச்சரியம்தான்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததில் ஒரு லாபம். இந்த டைரியை என் காலேஜில் எவளும் படிக்க முடியாது.

அம்மாவுக்கு மறுபடியும் வயிற்று வலி. நேற்று எடுத்த டெஸ்டுக்கு ரிசல்ட் அடுத்த வாரமாம்.

ஆகஸ்ட் 6
பார்லிமென்ட் நடக்கிறது. அது நடந்தால் அப்பாவின் மினிஸ்ட்ரியில் யாருக்கும் லீவு கிடையாது. அதனால் ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் நானும் மட்டும் போனோம். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் அம்மாவின் ஹிந்தி காய்கறி வண்டியோடு முடிந்துவிடும். எப்போதும் நான்தான் நடுவில்.

டாக்டர் என்னைப் பார்த்து ஹிந்தியில் சொன்னார். கேன்சர். கல்லீரல் வரை பரவிவிட்டது. ஆபரேஷன் செய்து பயனில்லை. ஆறு மாதம் தாண்டுவது கஷ்டம். அப்புறம், “மம்மி கோ சமஜா தோ” என்றார். அம்மாவுக்குப் புரியவைக்க வேண்டுமாம். நான்!

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குடல்புண்ணாம்மா. ரொம்ப நாளா கவனிக்காம விட்டதுல பெருசாயிடுச்சாம். மாத்திர போட்டா ஆறிடுமாம்.”

“நாந்தான் சொன்னனே, எல்லாம் காரந்தான்” என்று சிரித்துவிட்டு டாக்டரைக் கும்பிட்டாள். அவர் அசந்துபோய், “பஹுத் ஹிம்மத்வாலி ஹைங்” என்றார். ரொம்ப தைரியசாலியாம்.

டாக்டர் என்னடி சொல்றாரு என்றாள். நீ சீக்கிரம் எழுந்துடுவியாம் என்றேன்.

ஆகஸ்ட் 7
அப்பாவிடம் மொட்டைமாடியில் சொன்னேன். அழுதார். பிறகு, “நல்லவேளை, அப்படிச் சொன்ன. அப்படியே இருக்கட்டும் சிந்து” என்றார்.

ஆகஸ்ட் 19
டுடோரியலில் ரயில் கேள்வி மறுபடியும் வந்தது. நான் எழுந்து பேசினேன். உண்மை அவனுக்கு எதைக் கொடுக்கும்? ஒன்றுமில்லை. ஓடும் நேரத்தின் நம்பிக்கையையாவது ஏன் பிடுங்க வேண்டும்? மேடம், “வெரி வெல் ஆர்க்யூட்” என்றார். பெண்கள் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வரும்வரை சந்தோஷமாக இருந்தேன். என்ன ஜென்மமோ நான்.

செப்டம்பர் 14
ஞாயிறு. மலை மந்திர் போனோம். மாத்திரையில் வலி கொஞ்சம் அடங்கி, அம்மா படி ஏறிவிட்டாள். முருகன் எதிரில் நின்றுகொண்டு திடீரென்று, “பவுனைப் பாக்கணும்” என்றாள்.

பவுனு சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. விருத்தாசலத்தில் இருக்கிறாள். சின்னம்மாவின் வீட்டுக்காரர் இறந்தபோதும் பார்லிமென்ட் நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு லீவு இல்லை, நாங்கள் போகவில்லை. கருமாதி முடிந்து போய் நின்றபோது வாசலிலேயே சொல்லிவிட்டாள்: “உனக்கு நான் இல்லன்னு வச்சிக்க.” ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை.

“போயி அவ கால்ல வுழுந்துடறேன். சின்னவதான், அதனால என்ன” என்றாள் அம்மா. என் மனசு துள்ளியது. இப்போதே போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே, “இப்ப வேணாம், உடம்பு நல்லா தேறட்டும். ஜனவரில புது எல்.டி.சி. வருதுல்ல? பொங்கலுக்கு மூணு பேருமா போவோம். கவர்மெண்ட் டிக்கெட் குடுக்கறப்ப எதுக்கு வீணா கைக்காசு போட்டுகிட்டு?” என்றாள்.

“அதான் சரி” என்றார் அப்பா. என்னைப் பார்க்கவே இல்லை.

குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். எல்.டி.சி. இல்லாமல், சொந்தச் செலவில் ஊருக்குப் போனால் ஊதாரி என்பார்கள். அம்மாவும் எல்லோரையும் போலத்தான் சொன்னாள். ஆனால் ஜனவரி—

செப்டம்பர் 16
வகுப்பில் சுனிதா எழுந்தாள். ரோத்தக்கிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். இங்கிலீஷ் திக்கும் என்பதால் வாயைத் திறக்கவே மாட்டாள். இன்று என்னைப் பார்த்து ஹிந்தியிலேயே கேட்டாள்: “ரயில் போயிடுச்சுன்னு சொல்லியிருந்தா அவன் பஸ் பிடிச்சிருப்பானே? நீ ஓடச் சொன்னதால பஸ்ஸும் போச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மாவால் இப்போது நடக்க முடிகிறது. ரயிலில் உட்கார முடியும். பஸ் இன்னும் நிற்கிறது. அவளை ஏறவிடாமல் பிடித்துவைத்திருப்பது நான்தான். இன்று சொல்லிவிட வேண்டும்.

அதே நாள், பிறகு
சொல்லவில்லை. வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா சரோஜினி நகர் மார்க்கெட்டில் வாங்கிவந்த புடவையை விரித்துவைத்திருக்கிறாள். “பவுனுக்கு நல்லாருக்குமாடி?” பச்சை, அரக்கு பார்டர். நல்லாருக்கும்மா என்றேன்.

அப்பாவிடமாவது சொன்னேன். அவளை இப்போதே கூட்டிப்போங்கள், இல்லை சின்னம்மாவையாவது வரச்சொல்லுங்கள் என்று. “அவ வந்து மார்ல அடிச்சிகிட்டு அழுவா. ஒரு நிமிஷத்துல இவளுக்குத் தெரிஞ்சிடும். உன் காலேஜ் பாடத்தையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாராத” என்றார். குரல் நடுங்கியது. அவர்மேல் கோபம்கூட முழுசாக வரமாட்டேன் என்கிறது.

அக்டோபர் 9
எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். சின்னம்மாவின் பக்கத்து வீட்டு நம்பர். யாரோ ஆண் குரல், “யாருங்க?” என்றது. வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்? ஏன்டி வைத்தாய்?

அக்டோபர் 30
தீபாவளி. அம்மா அதிரசத்துக்கு மாவு பிசைந்தாள், சுட முடியவில்லை. மாவு அப்படியே கிடந்து புளித்தது.

நவம்பர் 18
அப்பா ரிசர்வேஷன் செய்துவிட்டு வந்தார். ஜனவரி 9, மூன்று பெர்த். டிக்கெட்டை வாங்கி அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கவுண்டரில் நின்று மூன்று பேர் என்று எப்படிச் சொன்னார்? என்னால்தான் முடிந்ததே, அவரால் முடியாதா.

டிசம்பர் 11
அம்மா எழுந்திருப்பதில்லை. பனி. ஹீட்டரைப் பக்கத்தில் வைத்தும் குளிர்கிறது என்கிறாள். கஞ்சி கொடுக்கும்போது கேட்டாள், “சிந்து, அன்னிக்கு டாக்டர் நெசமா என்ன சொன்னாரு?”

கேட்டுவிட்டாள். அவளே கேட்டுவிட்டாள். அதைவிட நல்ல சமயம் எனக்கு வராது.

“புண்ணுன்னுதாம்மா.” யோசிக்கக்கூட இல்லை, அவ்வளவு பழகிவிட்டது.

“அப்ப ஏன்டி ஆறல?” என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 28
அம்மா போய்விட்டாள். காலையில்.

டிசம்பர் 29
நிகம்போத் காட் சுடுகாடு. சின்னம்மாவுக்குத் தந்தி கொடுத்தோம். வந்து சேர எப்படியும் இரண்டு நாள், அதுவரை வைத்திருக்க முடியாது என்றார்கள். கடைசியாக அக்கா முகத்தை அவள் பார்க்கவில்லை.

1998 ஜனவரி 13
விருத்தாசலம். அதே டிக்கெட்டில்தான் வந்தோம். வண்டியில் டி.டி.இ. மூன்றாவது ஆள் எங்கே என்றார். நஹீங் ஆயேங்கி, வரமாட்டார்கள் என்றேன். அவர் வேறு யாருக்கோ அந்த பெர்த்தைக் கொடுத்தார்.

நேற்று கருமாதி. இன்று புடவையை எடுத்துக்கொண்டு சின்னம்மாவிடம் போனேன். கூடத்தில் தனியாக இருந்தாள். “அக்கா என்னைக் கேட்டாளா?” என்றாள்.

கேட்டாள் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் சொன்னேன். ஆகஸ்டிலேயே தெரியும் என்பதை, புண் என்று சொன்னது நான் என்பதை, உன் காலில் விழ வரவிருந்தாள் என்பதை, போன் செய்துவிட்டு வைத்ததையும். ஒன்றை விடவில்லை. இனியாவது பொய் வேண்டாம் என்றிருந்தது.

சின்னம்மா அழவில்லை. புடவையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“சொல்லியிருந்தா அன்னிக்கே ரயிலேறியிருப்பேனே. ரெண்டு நாளுதானே” என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “உனக்கு நான் இல்லன்னு வச்சிக்க. போ.”

எழுந்து வந்துவிட்டேன். அம்மாவுக்கு எப்படி வலித்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

ஜனவரி 15
திரும்பும் ரயில். “எதுக்கு அவகிட்ட சொன்ன? கடைசிவரைக்கும் நமக்கே தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே” என்கிறார் அப்பா.

ஏப்ரல் 21
ஃபிலாசஃபி பேப்பர். ‘உண்மை பேசுவது எல்லா நிலையிலும் கடமையா? ஓர் உதாரணத்தோடு விவாதிக்க.’ கேள்வித்தாளைப் பார்த்ததும் டுடோரியல் பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். என் கேள்வியாம்.

ரயில் போய்விட்டது என்று அவனிடம் சொல்ல வேண்டும், பஸ் இருக்கும்போதே சொல்ல வேண்டும் என்று எழுதினேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. வேறு நான்கு கேள்விக்குப் பதில் எழுதினேன். அந்தப் பக்கம் பாதி காலியாகவே போய்விட்டது.

அப்பா குக்கர் வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். இப்போதெல்லாம் அவர்தான் சமைக்கிறார். ரொம்ப மெலிந்துவிட்டார்.

“பேப்பர் எப்படிம்மா?” என்றார்.

“ஈஸியாதாம்பா இருந்துச்சு” என்றேன்.